நாற்பது நாள் நீலத்திரை

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்குப் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஊர் ஊராகச் சென்று மடைகளையும் கலுங்குகளையும் தானே எடுத்த 312 படங்களைக் கொடுத்திருந்தார். நாற்பதாவது பக்கத்தில் ஒரு படத்தை நகர்த்தும்போது சுட்டி உறைந்தது. அடுத்த நொடி திரை முழுவதும் நீலம், நடுவில் அந்தச் சோக முகம், கீழே நூறை நோக்கி ஏறும் எண்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிவதற்குள் கணினி தானாகவே அணைந்து மறுபடி எழுந்துவிட்டது.

மதுரையில் மின்சாரம் போய் வருவது புதிதல்ல. அப்படி ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை மறுபடி வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு முறை.

இந்தக் கணினியில்தான் என் பிழைப்பு நடக்கிறது. 2020 டிசம்பரில் பாகம் பாகமாக வாங்கிக் கடையில் பொருத்திய இயந்திரம், 8 ஜி.பி. ரேம் எனும் நினைவகப் பலகை இரண்டு, ஒரு எஸ்.எஸ்.டி., ஒரு ஹார்டு டிஸ்க். மூன்றரை ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை. தெருமுனைக் கடைத் தம்பியைக் கூப்பிட்டேன். பார்த்த மாத்திரத்தில், "விண்டோஸ் கெட்டுப்போய்விட்டது அக்கா, புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்றார். 600 ரூபாய். நிறுவிக்கொண்டிருக்கும்போது பாதியில், கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது காணவில்லை என்று ஒரு செய்தி வந்து நின்றது. பென்டிரைவ் சரியில்லை என்று சொல்லி வேறொன்றைச் செருகினார். இரண்டாம் முறை முடிந்தது. இருவருமே நிம்மதி அடைந்தோம். அந்தச் செய்திதான் முதல் தடயம் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. நிறுவும்போது விண்டோஸ் சுருக்கி வைத்த கோப்புகளை நினைவகத்தில் விரித்து, சரிபார்த்துத்தான் வட்டில் எழுதுகிறது. நல்ல பென்டிரைவிலிருந்து வரும் கோப்பு பாதி வழியில் சிதைகிறது என்றால் வழியில் யாரோ கை வைக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாம் நாள் நீலத்திரை திரும்பி வந்தது. இன்னொரு கடையில், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பழுது என்றார்கள். 2,800 ரூபாய்க்குப் புதியது மாட்டினேன். நான்கு நாள் தாங்கியது.

அதன்பிறகுதான் பணம் செலவழிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். விண்டோஸில் சிஸ்டம் அமைப்புகளின் மேம்பட்ட பகுதிக்குள், தொடக்கமும் மீட்பும் என்ற இடத்தில், தானாக மறுதொடக்கம் செய்யும் கட்டத்தில் இருக்கும் குறியை எடுத்துவிட்டால் நீலத்திரை அப்படியே நிற்கும். நாமாகப் பொத்தானை அழுத்தினால்தான் அணையும். தேதி, மணி, என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, திரையில் என்ன பெயர் என்று நான்கு பத்தியாகக் கோடு கிழித்து எழுதத் தொடங்கினேன்.

ஜூலை நடுவில் நோட்டில் பதினோரு வரிகள் இருந்தன. மெமரி மேனேஜ்மென்ட் மூன்று முறை. ஐ.ஆர்.கியூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல் இரண்டு முறை. பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா இரண்டு முறை. மீதி நான்கும் நான்கு விதம். முதலில் எனக்குக் குழப்பம்தான் கூடியது. ஒவ்வொரு பெயரையும் தேடிப் படித்தால் ஒன்று, பாகங்களை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சொல்கிறது, ஒன்று வட்டைச் சொல்கிறது, ஒன்று வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சொல்கிறது. சொன்னதையெல்லாம் செய்தேன். கிராஃபிக்ஸ் டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் இரண்டு வட்டுகளின் உடல்நிலையையும் பார்த்தேன், இரண்டும் நலம். எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ் கட்டளை சிதைந்த சில கோப்புகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது. மறுநாள் ஓட்டினால் வேறு சில கோப்புகள் சிதைந்திருப்பதாகச் சொன்னது.

ஒவ்வொரு நீலத்திரையின்போதும் விண்டோஸ் ஒரு சிறு பதிவை எழுதி வைக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் அவை சேர்ந்துகொண்டே இருக்கும். புளூஸ்கிரீன்வியூ என்ற சிறிய இலவசக் கருவி அவற்றை வரிசையாகத் திறந்து, எந்தக் கோப்பு ஓடும்போது விழுந்தது என்று காட்டுகிறது. என் பட்டியலில் ஒரு நாள் விண்டோஸின் கருவான நிரல், ஒரு நாள் கோப்பு முறைமை, ஒரு நாள் கிராஃபிக்ஸ் டிரைவர், ஒரு நாள் நெட்வொர்க். யாரைப் பிடிப்பது?

விடை வேறு திசையிலிருந்து கிடைத்தது. ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்புதான் காரணம். ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் பிறகு கணக்குச் சொன்னது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "உங்கள் கணினிக்கும் இதுதான் அக்கா" என்று பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்தான். அந்த மென்பொருள் நிறுவனங்களில் போடுவது, என் வீட்டில் கிடையாது. ஆனால் செய்தியைப் படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. அத்தனை லட்சம் கணினிகளிலும் அந்த ஒரே மென்பொருளின் டிரைவரைத்தான் கைகாட்டினார்கள். ஒரு மென்பொருள் குற்றவாளியாக இருந்தால் அதன் பெயர் திரும்பத் திரும்ப வர வேண்டும். என் நோட்டிலோ ஒவ்வொரு நாளும் ஒரு பெயர். அப்படியென்றால் அவர்களில் யாரும் குற்றவாளி இல்லை. எல்லோருக்கும் பொதுவாகக் காலடியில் இருக்கும் ஒன்றுதான் ஆடுகிறது.

அன்று இரவே விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையை ஓட்டினேன். இருபது நிமிடம் போல ஓடி, பிழை எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. அதை நம்பியதில் இன்னும் ஒரு வாரம் போயிற்று. அது சாதாரண அளவிலான சோதனை. ஓடும்போது எஃப்1 விசையை அழுத்தினால் விரிவான சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். அதுகூடச் சில பழுதுகளைத் தவறவிடும். இந்தச் சோதனை பிழை இருக்கிறது என்றால் நம்பலாம், இல்லை என்றால் நம்பக் கூடாது.

அந்த வாரத்தில்தான் 137ஆம் பக்கத்துக்கு வந்தேன். மடைக்கல் ஒன்றின் படம். கல்லில் ஐந்து வரிக் கல்வெட்டு. மேல் மூன்று வரிகள் தெளிவாக இருந்தன. நான்காவது வரியின் நடுவில் படம் ஒரு விரற்கடை வலப்பக்கம் விலகி, அங்கிருந்து கீழ்வரை ஊதா நிறத்தில் மூழ்கியிருந்தது. அச்சுக்கு அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் அதே படத்தை முழுதாகப் பார்த்த நினைவு எனக்கு நன்றாக இருந்தது. வெளி ஹார்டு டிஸ்க்கில் இருந்த பிரதியைத் திறந்தேன். அதிலும் ஊதா.

கை நடுங்கிவிட்டது. கணினி விழுந்து எழுவது எரிச்சல் தரும், அவ்வளவுதான். அதற்கிடையில் அது சத்தமில்லாமல் படங்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது வேறு. பயத்தில் நான் தினமும் மாலையில் எல்லாவற்றையும் வெளி வட்டுக்குப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். படியெடுக்கும் ஒவ்வொரு கோப்பும் நினைவகத்தின் வழியாகத்தான் போகிறது. நல்ல பிரதியின் மேல் கெட்ட பிரதியை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். இதைப் படிப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கணினி காரணம் தெரியாமல் விழத் தொடங்கினால், பழைய பிரதி இருக்கும் வட்டைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். காரணம் தெரியும்வரை அதில் எதையும் எழுதாதீர்கள். படியெடுத்தே ஆக வேண்டும் என்றால் வேறு வட்டில் எடுங்கள்.

ஜூலை 27, சனிக்கிழமை இரவு. மெம்டெஸ்ட்86 என்ற சோதனைக் கருவியைத் தம்பி வீட்டு மடிக்கணினியில் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இது விண்டோஸுக்குள் ஓடாது. கணினியைப் பென்டிரைவிலிருந்தே எழுப்ப வேண்டும். அதனால்தான் நினைவகத்தின் ஏறக்குறைய முழுவதையும் தொட முடிகிறது. இலவசப் பதிப்பில் நான்கு சுற்றுகள் வரை உண்டு. முதல் சுற்று சுருக்கமானது, அது பிழையின்றி முடிந்தது. பத்தரை மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. ஒன்றே கால் மணிக்கு எழுந்து வந்து பார்த்தபோது இரண்டாம் சுற்றில் பிழை எண்ணிக்கை 14.

அந்தப் பட்டியலில் ஒரு வரி இப்போதும் கண்ணில் நிற்கிறது. எழுதியது 80808080. திரும்பப் படித்தது 80800080. எட்டு இலக்கங்களில் ஓர் எட்டு மட்டும் பூச்சியம். கணினியின் மொழியில் அது ஒரே ஒரு பிட், ஒன்றாக இருக்க வேண்டியது சுழியமாகியிருக்கிறது. 8 ஜி.பி. ரேம் ஒன்றில் ஏறத்தாழ 6,871 கோடி பிட்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சிறு இடம், சூடேறியபின் சொன்னதை மறந்துவிடுகிறது. அந்த இடத்தில் விண்டோஸ் இன்று ஒரு டிரைவரை வைக்கும், நாளை ஒரு எழுத்துருவை வைக்கும், மறுநாள் மடைக்கல்லின் படத்தை வைக்கும். என் நோட்டின் அத்தனை பெயர்களுக்கும் அந்த ஒரு வரியில் விடை இருந்தது. பெரிய சர்வர்களில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் கூடுதலாக 8 பிட் வைத்து இப்படிப் புரள்வதைத் தானே திருத்திக்கொள்ளும் ரேமைப் போடுகிறார்கள். வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது இல்லை.

காலையில் ரேம் இரண்டையும் பிரித்துச் சோதித்தேன். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்தபின், கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுக் கையில் இருக்கும் நிலைமின்னை இறக்கிவிட்டுத்தான் ரேமில் கை வைக்க வேண்டும். தங்க நிறப் பற்களை அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் தூசி தட்டி மாட்டிப் பார்த்தேன். அழுக்குத்தான் காரணமாக இருக்கக் கூடாதா என்ற ஆசை. பயனில்லை. கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸில், ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை அணைத்து இயல்பு வேகத்தில் ஓட்டினேன். அப்போதும் பிழை. பிறகு ஒன்றை மட்டும் வைத்து இரண்டு சுற்று: சுத்தம். அதை எடுத்துவிட்டு மற்றதை அதே பள்ளத்தில் வைத்தேன்: நாற்பது நிமிடத்தில் சிவப்பு வரிகள். மதர்போர்டையும் சந்தேகிக்க வேண்டுமே என்று நல்லதை அடுத்த பள்ளத்திலும் வைத்து ஓட்டினேன்: சுத்தம். பழுது அந்த ஒரு ரேமில்தான் என்பது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு உறுதியானது. முதல் நீலத்திரை விழுந்து சரியாக நாற்பது நாள்.

உத்தரவாதம் இருந்தது. 2020ஆம் ஆண்டு ரசீதைத் தேடி எடுத்து, பிழைப் பட்டியலைத் திரையோடு படம் எடுத்து அனுப்பினேன். 17 நாளில் புதியது வந்தது. வந்ததையும் இரவு முழுக்கச் சோதித்த பிறகே நிலையாக மாட்டினேன். அதுவரை 8 ஜி.பி.யிலேயே வேலை பார்த்தேன், மெதுவாக ஓடினாலும் ஒரு முறைகூட விழவில்லை. விண்டோஸை மட்டும் மறுபடி புதிதாக நிறுவினேன். கெட்ட நினைவகத்தின் வழியாக எழுதப்பட்ட இயங்குதளத்தை நம்ப மனம் ஒப்பவில்லை.

மிச்சம் இருந்தது படங்கள். ஆசிரியர் ஐயாவுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொல்லவே தயக்கமாக இருந்தது. கேமரா அட்டையை அழித்திருந்தால் அந்தக் கல்வெட்டுக்காக அவர் மறுபடி ஊருக்குப் போக வேண்டும். மழைக்குப் பின் கண்மாய் நிறைந்துவிட்டால் கல் தண்ணீருக்குள் போய்விடும். அவர் கோபிக்கவில்லை. "அட்டை பத்திரமாக இருக்கிறதம்மா, மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்" என்றார்.

312 படங்களையும் கண்ணால் ஒப்பிட முடியாது. விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் என்ற கட்டளை ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எண்ணைக் கொடுக்கும். ஒரு பிட் மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும். அட்டையில் இருந்தவற்றுக்கும் என்னிடம் இருந்தவற்றுக்கும் பட்டியல் எடுத்து ஒப்பிட்டதில் ஒன்பது படங்கள் பொருந்தவில்லை. அவற்றில் ஏழு, பார்ப்பதற்குக் குறையே தெரியாதவை. ஒருவேளை அப்படியே அச்சுக்குப் போயிருக்கும்.

ஒன்பதையும் மாற்றினேன். 137ஆம் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கிக் கீழ்ப்பக்கம் நகர்த்தினேன். நான்காவது வரி விலகாமல் இருந்தது. ஐந்தாவது வரியில் எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. அது கல்லின் தேய்மானம்.