விம் பழகப் போய் வீணான முதல் மாலை

விம் என்பது விசைப்பலகைக் கட்டளைகளாலேயே இயக்கும் உரைத்திருத்தி; அதில் எழுத ஒரு நிலை, கட்டளை கொடுக்க இன்னொரு நிலை. எழுதும் நிலைக்குப் போய் மேல் அம்புக்குறியைத் தட்டினேன். நகர்வதற்குப் பதிலாக ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து விழுந்தது. கீழே தட்டினால் ‘பி’. விசைப்பலகைதான் பழுது என்று வேறொன்றை மாட்டிப் பார்த்தேன். அதிலும் அதே கதை. சரி, பயிற்சிப் பாடமான விம்டியூட்டரைத் திறக்கலாம் என்றால், அப்படியொரு கட்டளையே இல்லை என்றது கணினி. அன்றைய மாலை அதோடு போயிற்று.

என் லினக்ஸில் ஏற்கெனவே இருந்தது விம்-டைனி என்ற சுருக்கப் பதிப்பு என்பது மறுநாள்தான் புரிந்தது. முழு விம்மை நிறுவியதும் இரண்டு தொல்லைகளும் தீர்ந்தன. புதிதாகத் தொடங்குபவர்கள் தயவுசெய்து இதை முதலில் செய்துவிடுங்கள்.

அரை மணி நேரப் பாடத்தை ஒரே மூச்சில் முடித்தேன். விடிவதற்குள் பாதி மறந்துவிட்டது. அதன் பிறகு வாரத்துக்கு இரண்டே கட்டளைகள் என்று வைத்துக்கொண்டேன். அம்புக்குறிகளையும் உடனே விடவில்லை. கட்டளை நிலையில் அவற்றுக்குப் பதிலாக நகர உதவும் எச், ஜே, கே, எல் விசைகள் விரலில் படிய ஒரு மாதம் பிடித்தது. 1976இல் பில் ஜாய் விம்மின் முன்னோடியான ‘விஐ’யை எழுதிய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையத்தில் அந்த நான்கு விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தனவாம். அதை அறிந்த பிறகு அவற்றின் மேலிருந்த கோபம் தணிந்தது.

ஒருநாள் கேப்ஸ் லாக் விழுந்திருந்ததைக் கவனிக்காமல், கீழே இறங்க ஜேயைத் தட்டிக்கொண்டே போனேன். முகவரிப் பட்டியலின் வரிகள் ஒவ்வொன்றாக மேலேறி ஒட்டிக்கொண்டு, நாற்பது வரிகளும் ஒன்றாகிவிட்டன. பெரிய ஜே வரிகளை இணைக்கும் கட்டளை. பதற்றத்தில் கோப்பைச் சேமித்துவிடாதீர்கள். முதலில் கேப்ஸ் லாக்கை அணையுங்கள், பிறகு சின்ன ‘யூ’வைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள், வரிகள் பிரிந்து பழைய இடத்துக்கு இறங்கிவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். தமிழ்99 விசைப்பலகை போட்டபடியே எஸ்கேப் அழுத்தி, எழுதும் நிலையிலிருந்து வெளியே வந்து கட்டளை கொடுத்தால் விம்முக்கு எதுவும் விளங்காது. ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். இதற்காகவே விம்மைக் கைவிட இருந்தேன்.

காப்பாற்றியது, கடைசியாகச் செய்த மாற்றத்தை அப்படியே திரும்பச் செய்யும் புள்ளி விசை. போன வாரம் அதே பட்டியலில் ‘மெட்ராஸ்’ என்றிருந்த இடங்களைச் ‘சென்னை’ என்று மாற்ற வேண்டியிருந்தது. ‘ஐஐடி மெட்ராஸ்’ மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்பதால், மொத்தமாக மாற்றவும் முடியாது. சொல்லைத் தேடி, முதல் இடத்தில் மட்டும், சொல்லை அழித்து வேறு எழுத வைக்கும் சி, டபிள்யூ கொடுத்துத் தமிழில் எழுதினேன். பிறகு ஆங்கில விசைப்பலகையிலேயே, அடுத்த இடத்துக்குத் தாவும் ‘என்’ விசை, புள்ளி, ‘என்’, புள்ளி. ஐஐடி வந்தபோது புள்ளியை விட்டுவிட்டு ‘என்’ மட்டும். இரண்டாவது முறை ‘சென்னை’ என்று நான் தட்டவே இல்லை.