இரண்டாம் படியில் நிற்கும் பிள்ளைகள்

மட்டக்களப்பில் ஒரு நீச்சல் கழகத்தில் சிறுவர்களைப் போட்டிக்குப் பயிற்றுவிக்கும் பணியில் பதினொரு ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். இந்த ஆண்டுகளில் பெற்றோரிடமிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி, "சேர், பிள்ளைய எப்ப அடுத்த படிக்கு ஏத்துவீங்க?" என்பதாகும். கேட்பவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தரம் ஒன்றில் சேர்ந்ததிலிருந்து ஆண்டுதோறும் வகுப்பேறி வருகின்ற பிள்ளை, நீச்சல் தடாகத்தில் மட்டும் பதினான்கு மாதங்களாக ஒரே படியில் நிற்குமானால், எங்கோ பிழை நடந்திருக்கிறது என்றுதான் எந்தத் தாய் தந்தையரும் எண்ணுவார்கள். ஒரே வகுப்பில் மறுபடியும் இருத்தப்படுவதைத் தலைகுனிவாகக் கருதும் ஊர் எங்களுடையது. அந்த எண்ணத்தை அப்படியே தண்ணீருக்குள் கொண்டுவந்தால் பிள்ளையின் உடம்புதான் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. இதை நான் ஒரு பையனின் வலது தோளில் கண்டு கற்றேன்.

எங்கள் கழகத்தில் நான்கு படிகள் உள்ளன. முதற்படி தண்ணீரோடு பழகுவதற்கு. இரண்டாம் படி நால்வகை நீச்சல்களின் வடிவத்துக்கு. மூன்றாம் படி மணிக்கூட்டைப் பார்த்துப் பயிற்சி செய்யக் கற்பதற்கு. நான்காம் படி போட்டிக்கு. தொடக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு வயதெல்லையை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். பின்னர் நானே அதைக் கழற்றினேன். ஒன்பது வயதில் மூன்றாம் படிக்கு ஆயத்தமாகிவிடும் பிள்ளையும் உண்டு, பதின்மூன்று வயதில் முதன்முதலாகத் தடாகத்தில் கால் வைக்கும் பிள்ளையும் உண்டு. பிறந்த திகதி போட்டிக்கான பதிவுப் படிவத்துக்குத் தேவை. படியைத் தீர்மானிக்க அது போதாது.

முதற்படியைச் சிறுபிள்ளைகளின் விளையாட்டு நேரமென்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரில் அது அப்படியன்று. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் தண்ணீரைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அன்று பிள்ளைகளாயிருந்தவர்கள் இன்று தாய்மார். அவர்களில் ஒருவர் மூன்று மாதங்களாக மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தடாகத்துக்கு முதுகைக் காட்டியபடி வேலியோரம் நின்றுகொண்டிருப்பார். மகள் மல்லாந்து, காதுகள் தண்ணீருக்குள் அமிழ, கைகளை விரித்து அறுபது எண்ணும்வரை மிதந்த நாளில், "அம்மா, பாருங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். முதற்படியிலிருந்து ஏறுவதற்கு நான் கேட்பவை குறைவானவை. ஒரு நிமிடம் மல்லாந்து மிதக்க வேண்டும். ஆழத்தில் இரண்டு நிமிடம் நின்றநிலையில் நீந்த வேண்டும். எதிர்பாராமல் விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிக்க வேண்டும். போட்டியில் பதக்கம் பெறாத பிள்ளையும் இவற்றோடு வீட்டுக்குப் போகிறது என்பதால், நான்கு படிகளிலும் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

வாவிக்கரைப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குப் பயமென்பதே இல்லை. தோணியிலிருந்து குதித்துப் பழகியவர்கள். ஆனால் எதிரே வரும் தோணியையும் விரித்திருக்கும் வலையையும் பார்த்துக்கொண்டே நீந்திப் பழகியதால் தலையை வெளியே நிமிர்த்தி வைத்திருப்பார்கள். தலை நிமிர்ந்தால் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்தால் உடம்பே தண்ணீருக்குத் தடையாக நிற்கும். வாவியில் உயிரைக் காத்த பழக்கத்தைத் தடாகத்தில் விடச் சொல்வது எளிதன்று. ஒன்றுமே தெரியாத பிள்ளைக்கு ஆறு மாதங்களில் வருவது அவர்களுக்கு ஒரு வருடம் எடுக்கிறது. அந்த ஒரு வருடமும் அவர்கள் நிற்பது இரண்டாம் படியில்.

இந்த இரண்டாம் படியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. இங்கே நான் பயன்படுத்தும் கருவி ஒரு சிறிய குறிப்புப் புத்தகம். எங்கள் தடாகம் 25 மீட்டர் நீளமானது. அந்தத் தூரத்தைப் பிரீ ஸ்டைலில் கடக்கப் பிள்ளை எத்தனை தடவை கைவீசுகிறது என்று எண்ணி, எடுத்த செக்கன்களையும் அதனோடு கூட்டி எழுதிக்கொள்கிறேன். 22 செக்கன், 24 கைவீச்சு என்றால் 46. அடுத்த மாதம் அதே பிள்ளை 21 செக்கனில் வந்து, கைவீச்சு 28 ஆகியிருந்தால் கூட்டுத்தொகை 49. தந்தை ஒரு செக்கன் குறைந்ததென்று மகிழ்கிறார். எனக்கோ கவலை பிடிக்கிறது. பிள்ளை தண்ணீரைப் பிடித்து இழுப்பதை விட்டுவிட்டு, தண்ணீரின் மேல் கையைச் சுழற்றத் தொடங்கிவிட்டது என்பதை அந்த நான்கு மேலதிக வீச்சுகள் சொல்கின்றன. தோணி வலிப்பவர் சவளைத் தட்டையாகச் சாய்த்து வலித்தால் தோணி நகராது. கையும் அப்படித்தான். முழங்கையை உயரத்தில் நிறுத்தி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரையுள்ள பகுதி முழுவதையும் சவளாக்கிப் பின்னோக்கித் தள்ளினால்தான் உடம்பு முன்னே போகும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கை யோசிக்காமலே இதைச் செய்ய, வாரத்துக்கு மூன்று நாள் வீதம் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

வடிவம் நன்றாகப் படியும் வயது, ஏறத்தாழ ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை என்பது எனது அனுபவம். அந்த வயதின் நடுவில்தான் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. பரீட்சைக்கு எட்டு மாதங்களுக்கு முன்பே பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமற் போவார்கள். மாலையில் ரியூஷன், சனி ஞாயிறும் ரியூஷன். பரீட்சை முடிந்து திரும்பி வரும்போது உயரம் கூடியிருக்கும், வீச்சின் எண்ணிக்கையும் கூடியிருக்கும். வாரத்தில் ஒரே ஒரு மணித்தியாலமாவது விடுங்கள் என்று பெற்றோரிடம் ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறேன். சிலர் விடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பக்கங்களில் எண்கள் பெரிதாக மாறுவதில்லை.

ஒரு தந்தை என்னிடம் கேட்டார், "1971 இல பாக்கு நீரிணையப் போகவும் வரவும் நீந்தின ஆழிக்குமரன் ஆனந்தன் எந்தப் படியில படிச்சவர் சேர்?" அவர் விதண்டாவாதத்துக்குக் கேட்கவில்லை, தமது மகனும் கடலின் பிள்ளை என்ற பெருமையோடு கேட்டார். மணிக்கணக்காகக் கடலோடு ஈடுகொடுக்கும் உறுதி வேறு, ஒரு நிமிடத்துக்குள் நூறு மீட்டரை முடிக்கத் தேவையான நுட்பம் வேறு என்று அவருக்கு விளக்கினேன். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்பிளையிலும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடாவிட்டால் பிள்ளையை நீக்கிவிடுவார்கள் என்பதையும், அந்தத் தொடுகையை இரண்டாம் படியிலேயே பழக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். ஆனந்தனின் பெயரை எடுத்தவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் அவர் மகனை மறுநாளும் கொண்டுவந்து விட்டார்.

இனி அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது நான் வேறொரு கழகத்தில் இருந்தேன். அஞ்சல் நீச்சலுக்கு நான்காவது ஆள் கிடைக்கவில்லை. பதினொரு வயதான அவன் இரண்டாம் படியில் இருந்தான். 50 மீட்டரில் அவனது நேரம் மூன்றாம் படிப் பிள்ளைகளைவிடச் சிறப்பாயிருந்தது. கைவீச்சு 24க்குக் கீழே இறங்கவில்லை என்பதும், களைத்தவுடன் முழங்கை விழுகிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவனை மேலே ஏற்றினேன். அதுவரை வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 1500 மீட்டர் நீந்தியவன், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 3500 மீட்டர் நீந்தத் தொடங்கினான்.

பின்னாளில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 1500 மீட்டரென்றால் 60 தடவை தடாகத்தைக் கடக்க வேண்டும். ஒரு கடப்புக்கு 24 வீச்சு என்றால் 1440. அதில் பாதி வலது தோளுக்கு. வாரத்துக்கு 2160 சுழற்சிகள். 3500 மீட்டரில் அதே தோளுக்கு நாளொன்றுக்கு 1680, வாரத்துக்கு 8400. இடையில் பாதம் உதைக்கும் பயிற்சிகளைக் கழித்தாலும், ஆறு வாரங்களுக்குள் அந்தச் சிறு தோளின் வேலையை நான் மூன்று நான்கு மடங்காக்கியிருந்தேன். முழங்கை விழுந்த நிலையில் கை சுழலும்போது, தோளெலும்பின் அடியிலுள்ள தசைநாண் நெரிபடக்கூடும். வளர்ந்த நீச்சல் வீரர்களுக்கே இது அடிக்கடி வரும் நோவு.

ஒரு மாலை உடைமாற்றும் அறைப் பக்கமாகப் போனபோது அவனைக் கண்டேன். வலது கையை உயர்த்த முடியாமல், இடது கையால் சட்டையின் கழுத்தைப் பிடித்துத் தலைக்கு மேலாக இழுத்துக்கொண்டிருந்தான். "என்ன தம்பி, நோகுதா?" என்று கேட்டதற்கு, "இல்ல சேர்" என்றான். இரண்டாம் படிக்குத் திருப்பி அனுப்பிவிடுவேனோ என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. படி இறங்குவதைத் தோல்வி என்று அவனுக்குக் கற்பித்தவர்களில் நானும் ஒருவன். வைத்தியர் ஓய்வு சொன்னார். ஓய்வு முடிந்த பிறகும் அவன் தடாகத்துக்கு வரவில்லை. அவனுடைய நேரங்கள் எழுதிய பக்கத்தை நான் இன்னும் கிழித்தெறியவில்லை.

அதன் பிறகு மூன்றாம் படிக்கான வாசலை நேரத்தால் அளப்பதை விட்டுவிட்டேன். இப்போது எட்டு நூறுகள், அதாவது நூறு மீட்டரை எட்டுத் தடவை, நீந்தச் சொல்கிறேன், இரண்டேகால் நிமிடத்துக்கு ஒன்று வீதம். சுவரில் பெரிய மணிக்கூடு இருக்கிறது. அதன் சிவப்பு முள் மேலே வரும்போது முதற்பிள்ளை புறப்படும், ஐந்து செக்கன் கழித்து அடுத்தது. ஒரு நிமிடம் 55 செக்கனில் வந்து சேரும் பிள்ளைக்கு 20 செக்கன் ஓய்வு கிடைக்கும். எட்டாவது நூறிலும் கைவீச்சு முதலாவதைவிட இரண்டுக்கு மேல் கூடாதிருந்தால் பிள்ளை ஆயத்தம். வேகமாக வந்து, ஆறாவது நூறில் வடிவம் சிதறுமானால் ஆயத்தமில்லை. ஏறிய பிள்ளைக்கும் முதல் இரண்டு மாதங்கள் நான்கு நாட்கள்தான். தூரத்தையும் சிறிது சிறிதாகவே கூட்டுகிறோம்.

மூன்றாம் படியில் பெண்பிள்ளைகள் குறைந்துபோவது எனக்கு நீண்ட நாள் மனத்தாக்கம். பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதையொட்டியும் ஆண்பிள்ளைகள் பதினான்கை ஒட்டியும் மிக வேகமாக வளர்கிறார்கள். கை கால் நீண்டுவிட, பழைய தாளம் பொருந்தாமற் போகிறது; ஒரு வருடம் நேரமே குறையாது. ஆண்பிள்ளைக்கு அந்த வருடத்தைப் பொறுத்துக்கொள்ளும் வீட்டார், பெண்பிள்ளைக்கு "இனிப் போதும்" என்று சொல்லிவிடுகிறார்கள். வயது வந்த பிறகு எல்லோர் முன்னும் நீந்துவதா என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. இதற்காகவே பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும், அவர்களைப் பயிற்றுவிக்க ஒரு பெண் பயிற்றுவிப்பாளரும் வேண்டுமென்று நிர்வாகத்தோடு இரண்டு வருடம் போராடிப் பெற்றேன். பயிற்சியில் கைகால் மூடிய நீச்சலுடை அணிவதற்கும் தடையில்லை. அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு மூன்றாம் படியில் தங்கியவர்களில் இருவர் இன்று நான்காம் படியில் நிற்கிறார்கள்.

நான்காம் படியைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அங்கே வந்துவிட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் வேலை தெரியும். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போய், சுகததாச தடாகத்தின் 50 மீட்டரில் முதன்முதலாக நீந்தும் எங்கள் பிள்ளைகள், முப்பதாவது மீட்டரளவில் தலையைச் சற்று உயர்த்திச் சுவரைத் தேடுவார்கள். 25 மீட்டரில் நூறு நீந்தினால் மூன்று திரும்பல்கள், அங்கே ஒன்றே ஒன்று. சுவரை உதைத்துப் பெறும் வேகத்தில் மறைந்திருந்த குறைகளெல்லாம் அந்த நீண்ட தண்ணீரில் வெளியே தெரிந்துவிடும். இரண்டாம் படியில் அவசரப்படுத்தப்பட்ட பிள்ளை எது, நிதானமாக வளர்ந்த பிள்ளை எது என்பதை மேலே இருக்கையிலிருந்தே என்னால் சொல்லிவிட முடிகிறது.

இந்த மாதம் மூன்று பிள்ளைகளை மேலே ஏற்றுகிறேன். நான்காவதாக ஒருவன் இருக்கிறான். அந்த மூவரையும்விட அவனே வேகமானவன். அவனது பக்கத்தில் எட்டு நூறுகளின் கடைசிக் கடப்புகளில் நான் எண்ணிய வீச்சுகள் 21, 21, 21, 22, 22, 24, 25, 26 என்று எழுதப்பட்டுள்ளன. நாளை மாலை அவனது தந்தை வருகிறார். அந்தப் பக்கத்தைத் திறந்து அவருக்குக் காட்டப் போகிறேன். கடைசி எண் 23 ஆகும் நாளில் நானே தொலைபேசி எடுத்துச் சொல்வதாக மகனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். "ஓம் சேர், நானும் எண்ணிக்கொண்டுதான் நீந்துறன்" என்றான்.