ஜூம் இல்லாத கேமராவுடன் ஹம்பியில் மூன்று நாள்

ஹொசப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோவில் ஹம்பிக்குப் போகும் வழியிலேயே அப்பா கேட்டுவிட்டார். "இவ்வளவு காசு குடுத்து வாங்கியிருக்க, இதுல ஜூம்கூட இல்லையாடா?"

இல்லை. நான் வாங்கியிருந்த ரிக்கோ ஜிஆர் 3 என்ற சின்ன கேமராவில் ஜூம் கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் கிடையாது, ஃப்ளாஷ் கிடையாது, மழையையும் தூசியையும் தாங்கும் உடம்பும் கிடையாது. ஒரே ஒரு லென்ஸ். பழைய ஃபிலிம் கணக்கில் 28 மி.மீ., அதாவது பரந்த காட்சியைப் பிடிப்பது. வெளிச்சம் நுழையும் துளை எஃப்/2.8 வரை திறக்கும்; இந்த எண் கூடக் கூடத் துளை சுருங்கும். அதற்குப் பின்னால் பெரிய கேமராக்களில் இருக்கும் அதே ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு), 24 மெகாபிக்சல். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து எடை 257 கிராம். 2019-ல் வந்த மாடல். விலையோ ஓர் உயர்ரகச் செல்போன் விலை. அப்பா கேட்டது நியாயமான கேள்விதான்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது டிஎஸ்எல்ஆர் என்னும் கனமான பெரிய கேமரா ஒன்று, மாற்றி மாட்ட இரண்டு லென்ஸ், ஒரு தோள்பை. முதல் நாள் ஆசையாகத் தூக்கிக்கொண்டு போவேன். இரண்டாம் நாள் அது விடுதி அறையிலேயே கிடக்கும். ஜிஆர் பேன்ட் பாக்கெட்டில் கிடக்கிறது. பட்டனை அழுத்தினால் ஒரு நொடிக்குள் லென்ஸ் வெளியே வந்துவிடும். வலது கை ஒன்றே போதும், எல்லா பட்டனும் கட்டை விரலுக்கு எட்டும். 1996-ல் ஃபிலிம் கேமராவாக வந்த ஜிஆர்1 காலத்திலிருந்தே இந்த வரிசையின் குணம் இதுதான். ஜப்பானின் புகைப்படக் கலைஞர் டைடோ மோரியாமா போன்றவர்கள் தெருவில் இதை வைத்துக்கொண்டு சுற்றியதற்கும் காரணம் இதுதான்.

விருபாக்ஷர் கோயில் வாசலில் ஒரு அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தார். வாழை நாரை இடது கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, இரண்டு மொட்டு அந்தப் பக்கம், இரண்டு மொட்டு இந்தப் பக்கம் வைத்து, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கண் தெருவில் இருந்தது, விரல் தன்பாட்டுக்கு ஓடியது. "எடுத்துக்கலாமா?" என்று கேமராவைக் காட்டிச் சைகையில் கேட்டேன். தலையசைத்தார். பெரிய கேமரா என்றால் அந்த நேரத்தில் முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இதைப் பார்த்துவிட்டு மறுபடி பூவுக்கே திரும்பிவிட்டார்.

இங்கேதான் ஜிஆரில் எனக்கு மிகப் பிடித்த வசதியைச் சொல்ல வேண்டும். ஸ்னாப் ஃபோகஸ் என்பார்கள். தூரத்தை முன்கூட்டியே 2 மீட்டர் என்று வைத்துவிடலாம். துளையைச் சுருக்கி எஃப்/8-ல் வைத்தால் ஒரு மீட்டர் சொச்சத்திலிருந்து வெகுதூரம் வரை எல்லாமே தெளிவாக விழும். பிறகு பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடிக்கொண்டு நிற்காது, அந்தக் கணத்திலேயே எடுத்துவிடும். ஷட்டர் சத்தமும் நகத்தைச் சுண்டுவது போலத்தான். நார் இறுகும் அந்த அரை நொடி எனக்குக் கிடைத்தது இதனால்தான்.

இரண்டாம் நாள் விடியலுக்கு முன் மதங்க மலை ஏறினேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஏற முடியாது. "நீ போயிட்டு வா, நான் கீழ அச்சுதராயர் கோயில்ல இருக்கேன்" என்றார். மேலே நின்றால் பாறைக் குவியல்கள், வாழைத்தோட்டம், துங்கபத்திரையின் வளைவு, நேர் கீழே அச்சுதராயர் கோயிலும் அதன் நீண்ட கடைவீதியும். 28 மி.மீ.க்கு இது விருந்து. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது வேறு. கோயில் பிராகாரத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒரு ஆள் மெதுவாக நடந்துகொண்டிருந்தார். அப்பாதான். அவ்வளவு பெரிய இடத்தில் தனியாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. படத்தில் அவர் ஒரு வெள்ளைப் புள்ளி. இந்த கேமராவில் 50 மி.மீ. கிராப் என்று ஒன்று உண்டு. அது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தருவது, 24 மெகாபிக்சல் 7 ஆகிவிடும். அதிலும் அப்பா சற்றுப் பெரிய புள்ளிதான். ஜூம் இல்லாத வருத்தம் எனக்கு உண்மையாக வந்தது அங்கேதான். பழைய டிஎஸ்எல்ஆர் இருந்திருந்தால் அந்தப் படம் என்னிடம் இருந்திருக்கும். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு இருட்டில் பாறை ஏறியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

விட்டலர் கோயிலுக்குப் போனபோது உச்சி வெயில். கல்ரதத்தைப் பார்த்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்தார். 2017-ல் வந்த புது நோட்டின் பின்பக்கம் இதே ரதம்தான். நோட்டை நீட்டிப் பிடித்து, "ரெண்டும் சேர்ந்து வர்ற மாதிரி எடு" என்றார். அரை மீட்டரில் நோட்டு, பல மீட்டர் தள்ளி ரதம். எஃப்/16, ஸ்னாப் தூரம் 1 மீட்டர் என்று வைத்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று எடுத்தேன். நோட்டின் எழுத்தும் தெரிந்தது, ரதத்தின் சக்கரமும் தெரிந்தது. அதை நான் பார்த்தது என்னவோ சாயங்காலம் அறையில்தான். அந்த வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிந்தது. வ்யூஃபைண்டர் இல்லாத குறையை எந்தப் பழக்கமும் ஈடுசெய்வதில்லை. கேமராவின் தலையில் ஒரு சின்ன ஆப்டிகல் வ்யூஃபைண்டரைத் தனியாக வாங்கி மாட்டலாம். மாட்டினால் பாக்கெட்டில் நுழையாது.

பேட்டரி இதன் பெரிய பலவீனம். ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம் என்பதே நிறுவனம் சொல்லும் கணக்கு. இரண்டு உபரி பேட்டரி இல்லாமல் இதை வெளியூருக்கு எடுத்துப் போகாதீர்கள். யுஎஸ்பி-சி வழியாக பவர் பேங்கிலிருந்தே ஏற்றிக்கொள்ள முடிவது ஆறுதல். இரண்டாம் நாள் இரவு களைப்பில் நான் சார்ஜ் போடாமல் தூங்கிவிட்டேன். மூன்றாம் நாள் பரிசல் பயணத்தின் ஒரு படமும் இல்லை. பரிசல்காரர் நடு ஆற்றில் பரிசலைச் சுழற்றியபோது அப்பா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தார். அது என் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

செல்போனிலேயே எடுத்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில், போன் திரையிலேயே பார்ப்பதற்கு என்றால் எடுத்துவிடலாம்தான். வானமும் நிழலும் ஒரே சட்டத்தில் வரும்போது போன் தானாகவே பல படங்களைக் கோத்துச் சரி செய்துவிடுகிறது. ஜிஆரில் ரா ஃபைலாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக எடுத்து, வீட்டில் உட்கார்ந்து நாமே நிழலைத் தூக்கி வெளிச்சமாக்க வேண்டும். ஆனால் அப்படித் தூக்கும்போது கல்லின் சொரசொரப்பு அப்படியே வருகிறது. போனில் அது மழமழவென்று மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. ஹம்பி முழுக்கக் கல். எனக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியவில்லை.

குழந்தைகள் ஓடுவதை, பறவையை, மேடையில் நடப்பதை எடுக்க நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். வீடியோவுக்கும் வேண்டாம். நடந்து அலைகிறவர்கள், பக்கத்தில் போய்ப் பேசிப் படம் எடுக்கிறவர்கள் வாங்கலாம்.

விருபாக்ஷர் சன்னதிக்குப் பின்னால் ஒரு இருட்டறை இருக்கிறது. சுவரில் ஒரு சின்னத் துவாரம். அதன் வழியாக வரும் வெளிச்சத்தில், ஒன்பது நிலை ராஜகோபுரம் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுகிறது. கேமரா என்ற பொருளே இந்தத் தத்துவம்தான், லென்ஸுக்கு முந்தைய வடிவத்தில். அப்பாவைச் சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். கோபுரம் அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. கலசம் வயிற்றருகே, அடிநிலை காலரில்.

அங்கே ஸ்டாண்டு போட இடமில்லை. எஃப்/2.8, வெளிச்ச உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் திறந்திருந்தது நொடியில் எட்டில் ஒரு பங்கு. முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று படம் எடுத்தேன். கை நடுக்கத்துக்கு ஈடாகச் சென்சாரே நகர்ந்துகொடுக்கும் வசதி இதில் இருக்கிறது. ஒன்றில் அப்பா அசைந்துவிட்டார். மற்ற இரண்டும் கூர்மை. சட்டை பட்டனின் நான்கு துளைகூடத் தெரிந்தது.

அப்பாவிடம் கேமராவைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோபுரத்தை நேராகப் பார்க்க கேமராவைத் தலைகீழாகத் திருப்பினார்.

"இப்ப நான்ல தலைகீழா நிக்கிறேன்" என்றார்.