புள்ளி மறைந்த பிறகு: கடல்மீன் தொட்டியில் 76 நாள்

முள்ளியவளையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கடல்மீன் தொட்டி இருக்கிறது. நாலடி நீளம், 250 லீற்றர். தண்ணீர் மாமாவின் படகில் வருகிறது. அவர் கள்ளப்பாட்டில் கடற்றொழில் செய்கிறவர். இரண்டு கோமாளி மீன், மூன்று டொமினோ மீன், மீன்களின் உடம்பைத் துப்புரவாக்குகிற கிளீனர் இறால் ஒன்று, ஏழெட்டு நத்தை. மூன்று வருசமாக ஒரு நோயும் வந்ததில்லை. அதனால்தான் எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

ஐப்பசி முதல் கிழமை கொழும்பிலிருந்து ஒரு பவுடர் புளூ எடுப்பித்தேன். இலங்கைக் கடலிலேயே பிடிபடுகிற மீன்தான். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், முதுகில் மஞ்சள் செட்டை. தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் முதலில் பிடிபடுவதும் இந்த இனம்தான் என்று தெரிந்தும் ஆசைப்பட்டேன். இரவு பஸ்ஸில் றெஜிபோம் பெட்டிக்குள் மாங்குளம் சந்திக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியே மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டேன், பிறகு மீனை உள்ளே விட்டேன். பிழை அந்த இருபது நிமிடத்தில்தான் நடந்தது. தனித் தொட்டியில் வைத்துப் பார்க்காமல் நேரே விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பக்கச் செட்டையில் நாலைந்து புள்ளி, தூள் உப்புத் தெறித்த மாதிரி. தொட்டிக்குப் பழகினால் சரியாகிவிடும் என்று விற்றவர் போனில் சொன்னார். நாலு நாளில் உண்மையிலேயே ஒரு புள்ளியும் இல்லை. அன்றைக்கு நான் வீடு முழுக்கச் சொல்லித் திரிந்ததை நினைக்க இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

ஏனென்றால் புள்ளி போனது குணமானதால் இல்லை. இந்த ஒட்டுண்ணியின் பெயர் கிரிப்டோகரியோன் இரிட்டான்ஸ். மீனின் தோலுக்குள் மூன்று முதல் ஏழு நாள் வரை இருந்து தின்று கொழுக்கும். பிறகு தானே கழன்று விழுந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, ஒரு கோதுக்குள் தன்னைப் பூட்டிக்கொள்ளும். உள்ளே ஒன்று பலவாகப் பிரியும். ஒரு கோதிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளியே வரும். வெளியே வர மூன்று நாளும் ஆகலாம், நாலு கிழமையும் ஆகலாம், மிக அரிதாக 72 நாள் வரைக்கும் போவதுண்டு. வந்த குஞ்சு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். இந்த வருகையெல்லாம் பெரும்பாலும் இருட்டு வேளையில், மீன் கல் இடுக்கில் அசையாமல் உறங்குகிற நேரத்தில். நான் சந்தோஷப்பட்ட அந்த நாள், அடியில் கோதுகள் நிறைந்திருந்த நாள்.

ஒரு கிழமை கழித்து எல்லா மீனிலும் புள்ளி. டோர்ச் அடித்துப் பவுடர் புளூவின் கண்ணருகில் பார்த்தேன். புள்ளி தோலின் மேலே ஒட்டியிருக்கவில்லை. மெல்லிய பாலாடைக்கு அடியில் மணல் கிடந்தால் எப்படி முட்டிக்கொண்டு தெரியும், அப்படி. தண்ணீரில் கலக்கும் மருந்து ஏன் புள்ளியில் படுவதில்லை என்பது அப்போதுதான் கண்ணுக்கு விளங்கியது. செவுள் ஒரு நிமிடத்துக்கு 130 தரம் அடித்தது. விடியப் பார்த்தால் கல்லுக்குப் பின்னால் சரிந்து கிடந்தது. அடுத்த இரண்டு நாளில் இரண்டு டொமினோ. மூன்றையும் வாழையடியில் தாட்டேன்.

யோசனை சொன்னவர்கள் பலர். உள்ளிச் சாறு சாப்பாட்டில் பிரட்டிக் கொடு என்றார்கள். கொடுத்தால் மீன் ஆசையாகச் சாப்பிடும், அவ்வளவுதான். கிளீனர் இறால் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். இறால் மூன்று வருசமாக அங்கேதான் நின்றது. கப்பி வளர்க்கிற தம்பி ஒருவர் கல்லுப்பும் சூடும் போதும் என்றார். நன்னீர் வெள்ளைப்புள்ளிக்கு அது சரி. ஆனால் அது வேறு உயிர். இது உப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளர்வது.

வேலை செய்கிற வழிகள் எனக்குத் தெரிந்து மூன்று. ஒன்று கொப்பர், அதாவது செம்பு. சாதாரண கொப்பர் மருந்து லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை நிற்கவேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனுக்கே நஞ்சு. நாளுக்கு நாள் அளந்து பார்க்கச் சோதனைப் பெட்டி வேண்டும். காட்சித் தொட்டிக்குள் விடவே கூடாது, இறாலும் நத்தையும் செத்துப்போகும், கல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டாவது, உப்பை 1.009 அடர்த்திக்கு இறக்கி 30 நாளாவது வைத்திருப்பது. அதில் பிஎச் விழுந்துகொண்டே இருக்கும், நான் வேலைக்குப் போகிற ஆள், நாளுக்கு இரண்டு தரம் பார்க்க முடியாது. மூன்றாவது, மருந்தே இல்லாமல் தொட்டி மாற்றுவது. நான் எடுத்தது இதை.

கோதிலிருந்து குஞ்சு வெளியே வரக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைப் புதுத் தண்ணீருக்கு மாற்றினால், விழுந்த கோதுகள் பழைய பாத்திரத்திலேயே தங்கிவிடும். முதல் நாள் ஒரு பாத்திரம், பிறகு 4, 7, 10, 13ஆம் நாள்களில் மாற்றம். பன்னிரண்டு நாளில் மீன் சுத்தம்.

எழுத எளிது. கார்த்திகை மாதத்து வன்னியில் செய்வதுதான் பாடு. முதலாவது தண்ணீர். வட்டுவாகல் முகத்துவாரம் திறந்து, கரைக்கடல் மண்ணிறமாகக் கிடந்தது. கரையில் அள்ளியதை உப்பு அளக்கிற றிஃப்ராக்டோமீற்றரில் பார்த்தால் 1.016. மாமாவிடம் சொன்னேன்.

"தம்பி, கரைத் தண்ணி இப்ப ஆத்துத் தண்ணி மாதிரித்தான். நாளைக்குக் கடல் இரையாட்டி வெளிய போகேக்க அள்ளிக்கொண்டு வாறன். எத்தினை கான் வேணும்?"

"பத்து, மாமா."

"மீன் பிடிக்கப் போறனோ தண்ணி பிடிக்கப் போறனோ?" என்று கேட்டாலும் இருபது லீற்றர் கான் பத்தும் வந்தது. அளந்தேன், 1.023. ஒரு மாற்றத்துக்கு இரண்டு கான் கணக்கு.

இரண்டாவது, காய வைப்பது. றெஜிபோம் பெட்டி மலிவு, ஆனால் அதன் சின்னச் சின்னக் குழிகளுக்குள் ஈரம் நிற்கும், நம்ப முடியாது. வழுவழுப்பான பிளாஸ்ரிக் பேசின் இரண்டு, எயார் கல் இரண்டு, குழாய் இரண்டு என்று சோடியாக வாங்கினேன். ஒன்றில் மீன் இருக்க மற்றது குளோரினால் கழுவி, நன்றாக அலசிக் காயவேண்டும். வெயில் எங்கே? மனைவி பேசினை அடுப்படியில் கவிழ்த்து வைத்தா. சமைக்கும் சூட்டில் ஒன்றரை நாளில் கைக்குச் சரசரவென்று காய்ந்தது. மீனை வலையால் பிடிக்கவில்லை, பிளாஸ்ரிக் வடியால் அள்ளித் தண்ணீரை வடியவிட்டு மாற்றினேன். பழைய தண்ணீர் எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. பேசினில் நல்ல பக்டீரியா இல்லை என்பதால் அமோனியா ஏறும், எனவே நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிகிற அளவுதான் சாப்பாடு. கரண்ட் போகிற இரவுகளுக்கு பற்றரி எயார் பம்ப்.

பேசின்களை விறாந்தையில் வைக்கவில்லை. காற்றுக் குமிழ் உடைந்து தெறிக்கிற துளியும் காட்சித் தொட்டிக்குள் போகக்கூடாது.

13ஆம் நாள் மூன்று மீனிலும் ஒரு புள்ளி இல்லை. ஆனால் பெரிய கோமாளி தலையை உதறிக்கொண்டே நின்றது. சந்தேகத்தில் நன்னீரில் குளிப்பாட்டினேன். தண்ணீர் நிலையத்து ஆர்.ஓ. தண்ணீர், அதே சூட்டில், பிஎச் ஏற்ற ஒரு சிட்டிகை அப்பச்சோடா, கறுப்புப் பேசின். பக்கத்திலேயே இருந்து ஐந்து நிமிடம். மூன்றாம் நிமிடம் மீனிலிருந்து வெள்ளைச் செதில் மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுகள் உதிர்ந்தன, எள்ளின் பாதி அளவு. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. தட்டைப்புழு. கடல் தண்ணீரில் கண்ணாடி போலத் தெரியாமல் ஒட்டியிருப்பது, நன்னீர் பட்டதும் வெளுத்து விழுகிறது. மேலும் பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து லீற்றருக்கு 2.5 மில்லிகிராம் கொடுத்தேன். அது முட்டையைக் கொல்லாது, ஆகவே ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம். தோலுக்குள் இருக்கும் வெள்ளைப்புள்ளியை இந்த நன்னீர்க் குளியல் தொடாது, இரண்டையும் போட்டுக் குழப்பவேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. புள்ளியை எண்ண முடிந்தால் வெள்ளைப்புள்ளி. எண்ண முடியாமல் மாப்பூசியது போல இருந்து, மீன் வெளிச்சத்தை வெறுத்து, பம்ப் தண்ணீர் பாயும் இடத்தில் நின்று மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய், அமிலூடினியம் என்ற வேறு ஒட்டுண்ணி. ஓரிரு நாளில் தொட்டியே காலியாகும். தொட்டி மாற்றும் வழி அதற்குச் சரிவராது, கொப்பர் வேண்டும். குளோரோகுயினும் கொடுப்பார்கள். எங்கள் அம்மாமார் மலேரியாக் காய்ச்சலுக்கு விழுங்கிய அதே மருந்து. 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகு இங்கே அதை நினைப்பவர்கள் குறைவு. நான் பாவித்துப் பார்க்கவில்லை.

காட்சித் தொட்டி மீன் இல்லாமல் 76 நாள் கிடந்தது. 72க்கு மேல் நாலு நாள் எச்சரிக்கைக்கு. இறாலுக்கும் நத்தைக்கும் இந்த ஒட்டுண்ணி தொற்றாது, அவை அங்கேயே இருந்தன. இரண்டு நாளுக்கு ஒருமுறை இறாலுக்கு ஒரு துண்டு கணவாய். தைப்பொங்கலன்று 64ஆம் நாள். வந்த சொந்தக்காரர் எல்லாரும் வெறும் தொட்டியைப் பார்த்து, மீன் எங்கே என்று கேட்டார்கள். மகள் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொன்னாள், "இன்னும் பன்ரண்டு நாள் இருக்கு, அதுக்குள்ள விட்டா அப்பான்ர மீன் செத்துப்போம்."

77ஆம் நாள் பின்னேரம், மூன்றையும் விட்டேன். கோமாளிகள் நேரே தங்கள் பழைய மூலைக்குப் போயின. டொமினோ இறாலுக்கு முன்னால் போய், வாயைத் திறந்துகொண்டு நின்றது. இறால் ஏறித் துப்புரவாக்கத் தொடங்கியது.

இப்போது அடுப்படிப் பேசினில் ஒரு சின்ன டொமினோ இருக்கிறது, புதிதாக வந்தது. இன்றைக்கு ஒன்பதாம் நாள். நாளைக்குக் காலை மாற்றம். இரண்டு கான் தண்ணீர் மூடிவைத்தபடி கதவுக்குப் பின்னால் நிற்கிறது.