மீதி இடம்

பழைய டிஸ்க்கை அப்படியே புது டிஸ்க்குக்கு நகலெடுக்கும் குளோன் வேலை முடிந்து, கம்ப்யூட்டர் புது டிஸ்க்கிலிருந்து முதன்முறை பூட் ஆகும்போது வரும் நிம்மதி தனி. விண்டோஸ், டாலி, பிரிண்டர் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். அப்புறம் டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டும் டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்தால் வலது ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 1 டிபி எஸ்எஸ்டிக்கு மாற்றினால், விண்டோஸ் கணக்கில் பழையது 465 ஜிபி, புதியது 931 ஜிபி. மீதி 466 ஜிபியும் யாருக்கும் ஒதுக்காத இடமாக அந்தப் பட்டையில் கிடக்கும்.

வேலைக்கு வந்த புதிதில் நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், ஈ டிரைவ். ஒரு நிமிட வேலை. சி டிரைவோடு சேர்க்க நினைத்தாலும் பல சமயம் வழி இருக்காது. சியை ஒட்டி வலப்பக்கம் விண்டோஸ் ஒரு ரிக்கவரி பார்ட்டிஷனை, அதாவது பழுதானால் சரிசெய்துகொள்ளத் தனியாகப் பிரித்த பகுதியை, வைத்திருக்கும். சில நூறு எம்பிதான், ஆனால் அது நடுவில் இருக்கும்வரை சியை விரிக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூம் அழுத்த முடியாமல் மங்கலாகவே நிற்கும். காலி இடம் சியின் வலப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் விண்டோஸ் அதைச் சேர்த்துக்கொள்ளும்.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலும் அப்படித்தான் ஈ டிரைவ் போட்டேன். பெயர் கேட்டது, 'பேக்கப்' என்று அடித்துவிட்டு வந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து அங்கிருந்து போன். போய்ப் பார்த்தால் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸிலேயே எஸ்எஸ்டி தெரியவில்லை. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போடும், மெதுவாகும். எஸ்எஸ்டி பல நேரம் ஒன்றும் சொல்லாமல் போய்விடும். கணக்கு பார்க்கும் அக்கா பதறவே இல்லை. "டேட்டா பத்திக் கவலையில்லை தம்பி, தினமும் சாயங்காலம் பேக்கப் டிரைவ்ல போட்டுடுவேன்" என்றார்.

சியும் ஈயும் ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள் என்று அவருக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள்கூடத் தவறாமல் காப்பி எடுத்திருக்கிறார். அவர் நம்பியது நான் வைத்த பெயரை.

பழைய ஹார்ட் டிஸ்க் மேசை டிராயரில் இருந்தது. குளோன் செய்த நாள் வரையிலான டேட்டா அதில் கிடைத்தது. அதற்குப் பிந்தையதை, ஜிஎஸ்டி போர்ட்டலில் தாக்கல் செய்திருந்த ரிட்டர்ன்கள், பேங்க் ஸ்டேட்மெண்டுகள், காகித வவுச்சர்கள் இவற்றை வைத்து அந்த அக்கா மறுபடி உட்கார்ந்து அடித்தார். பல வாரம் ஆனது. அந்த வாரங்களை இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது குளோனுக்கு முன்பே உரிமையாளரிடம் கேட்டுவிடுகிறேன்: எந்த டிரைவ் நிறைகிறது, பேக்கப் எங்கே எடுக்கிறீர்கள் என்று. நிறைவது சி என்றால் பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டட் மென்பொருள் உள்ள பென்டிரைவில் பூட் செய்து, ரிக்கவரி பார்ட்டிஷனை டிஸ்க்கின் கடைசிக்கு நகர்த்திவிட்டு சியை விரிப்பேன். விண்டோஸ் திறந்ததும் 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' கட்டளை கொடுத்து ரிக்கவரி இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அரை மணி, ஒரு மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். பார்ட்டிஷனை நகர்த்தும்போது கரண்ட் போனால் ஆபத்து, அதனால் யுபிஎஸ் இல்லாத இடத்தில் தொடுவதில்லை. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்த டிஸ்க்கை 4 டிபிக்குக் குளோன் செய்தால் சிக்கல் வேறு: 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தில் பார்ட்டிஷன் போடவே முடியாது, ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றியாக வேண்டும். உடனே தேவையில்லை என்றால் மீதி இடத்தைச் சும்மா விட்டுவிடுவதும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய டிஸ்க்கில் குளோன் செய்த தேதியை எழுதி ஒட்டி, ஒரு மாதமாவது அழிக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுக்கிறேன்.

அந்த ஆடிட்டர் அலுவலகக் கம்ப்யூட்டரில் இப்போது ஈ டிரைவ் இல்லை. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்க வைத்தேன். ஒன்று அலுவலகத்தில், ஒன்று ஆடிட்டர் வீட்டில். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா மாற்றி அனுப்புகிறார்.