பழைய சமையல் எண்ணெயில் டீசல் வேன்: கொழுப்பைப் பிரிப்பதுதான் பாதி வேலை

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியது. அதற்குப் பிறகு பொரித்து முடித்த எண்ணெயை வேனுக்கு ஊற்றலாமா என்று விசாரிப்பவர்கள் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கமும் கூடிவிட்டார்கள். ஊற்றலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை சோயா, கனோலா எண்ணெய் புழங்கும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. நம் கடைகளில் கொதிப்பது செம்பனை எண்ணெய். அதற்கு வேறு கைப்பக்குவம் வேண்டும்.

முதலில் வண்டி. பழைய டொயோட்டா ஹையேஸ் வேனில் வரும் 2எல், 3எல், 5எல் இன்ஜின்கள், நிசான் உர்வான் வேனின் டிடி27 போன்றவை தோதானவை. எண்ணெய் நேரே சிலிண்டருக்குள் போகாமல் முன்னறையில் எரியத் தொடங்கும். பம்பும் இயந்திர பம்பு. காமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் கணினி டீசலைச் செலுத்தும்) வண்டி என்றால், அதாவது 2கேடி இன்ஜின் முதற்கொண்டு புதிய ஹையேஸ் எல்லாம், இதை மறந்துவிடுங்கள். அதன் இன்ஜெக்டர் (டீசலைத் தூவும் முனை) விலைக்குப் பல மாதம் டீசலே அடிக்கலாம். ஊருக்குள்ளேயே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேனுக்கும் இது ஒத்துவராது. எண்ணெய் சூடேறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். தினம் ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போய்வரும் வண்டிக்குச் சரி.

எண்ணெய் எந்தக் கடையில் எடுப்பது என்பது முக்கியம். பீசாங் கோரேங் (வாழைப்பழப் பொரியல்) ஒட்டுக்கடை எண்ணெயில் மாவுத்தூள் அதிகம், ஆனால் எண்ணெய் நீர்ப்பாக இருக்கும். ஆயாம் கோரேங் (கோழிப் பொரியல்) எண்ணெயில் கோழிக்கொழுப்பு கலந்து, உப்பும் மசாலாத் தண்ணீரும் சேர்ந்திருக்கும். ரொட்டி சானாய் கல்லிலிருந்து வழித்தது மார்ஜரினும் நெய்யும்தான்; வேண்டாம். கடைக்கொரு டின் என்று எழுதி ஒட்டித் தனியாக வையுங்கள். 17 கிலோ எண்ணெய் டின்களே போதும். மானியத்தில் 2.50 வெள்ளிக்கு விற்கும் ஒரு கிலோ பாக்கெட்டைக் கொண்டுவந்து டேங்கில் கொட்டாதீர்கள். அது அடுப்புக்கு வந்த எண்ணெய்.

இனி முக்கியமான இடம். நாம் வாங்கும் செம்பனை ஓலினின், அதாவது செம்பனை எண்ணெயின் நீர்ப்பகுதியின், உருகுநிலை 24 டிகிரி வரை இருக்கலாம். நவம்பர் மழையில் விடிகாலை 22, 23 டிகிரிக்கு இறங்கும்போது டின்னைத் திறந்து பாருங்கள்: அடியில் வெள்ளையாக, விரலால் நசுக்கினால் மணல்மணலாக உடையும் ஒரு படிவு. அழுக்கு என்று நினைக்க வேண்டாம், அது ஸ்டியரின், கெட்டிக் கொழுப்பு. கோழி பொரித்த எண்ணெயில் இது இன்னும் சீக்கிரம் உறையும். சூடாக வடிகட்டினால் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபில்டர் போட்டாலும் உருகிய நிலையில் நழுவிப் போய், மறுநாள் காலை வண்டியின் ஃபில்டரில் உறைந்து நிற்கும். ஆகவே சூடு காட்டுவது தண்ணீர் பிரிய மட்டும். வடிகட்டுவது ஆறிய பிறகுதான்.

200 லிட்டர் டிரம்மில் இரண்டு குழாய் வையுங்கள்: ஒன்று அடிமட்டத்தில், இன்னொன்று அதற்கு ஒரு சாண் மேலே. எண்ணெயைத் துணியில் வடித்து ஊற்றி, தெர்மோஸ்டாட் உள்ள மின்சார ஹீட்டரால் 60 டிகிரிக்குக் கொண்டுவந்து அணைத்துவிடுங்கள். கேஸ் அடுப்பு கூடவே கூடாது. அடியில் தண்ணீர் இருந்து 100 டிகிரி தொட்டால் ஆவியாகி எண்ணெயைப் பொங்கித் தள்ளும், கீழே நெருப்பு. ஒருநாள் விட்டு அடிக்குழாயைத் திறந்தால் முதலில் கலங்கல் தண்ணீர் வரும். தெளிந்த எண்ணெய் வரும்வரை வடியுங்கள். பிறகு டிரம்மை மூடி, வெயில் படாத இடத்தில் இரண்டு வாரம் அசைக்காமல் விடுங்கள். இந்தக் காத்திருப்புக்கு மாற்று கிடையாது. மாவுத்தூள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறங்கும், கொழுப்பு அடியில் சேரும். மேல்குழாயில் வரும் தெளிந்ததை மட்டும், குளிர்ந்த காலை நேரத்தில், 5 மைக்ரான் பையிலும் அடுத்து 1 மைக்ரான் பையிலும் வடியுங்கள். சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அவசரப்பட்டுப் பையைப் பிழிந்தால் பிடித்து வைத்த அழுக்கெல்லாம் மறுபக்கம் போய்விடும்.

இரண்டு சோதனை உண்டு. வாணலியை நன்றாகக் காயவைத்து ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். படபடவென்று வெடித்தாலோ குமிழி வந்தாலோ தண்ணீர் இருக்கிறது, மறுபடி டிரம்முக்கு. அடுத்தது புளிப்பு. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெயும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் சேர்த்து, சோடா நீரை ஊசியால் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். மஞ்சள் சிவந்து, பத்து விநாடி சிவப்பாகவே நின்றால் எத்தனை மில்லி போயிற்று என்று பாருங்கள். 3 மில்லிக்குள் என்றால் நல்ல எண்ணெய். கூடினால் அமிலம் முற்றிவிட்டது என்று பொருள், பம்பில் உள்ள பித்தளை பாகங்களை அரிக்கும்.

வண்டியில் இரண்டு டேங்க் வேண்டும்: ஒன்று டீசலுக்கு, ஒன்று எண்ணெய்க்கு. 40 டிகிரியில் இந்த எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. இன்ஜெக்டர் அதைப் புகையாகத் தூவ 70 டிகிரிக்கு மேல் வேண்டும். எண்ணெய் டேங்க், குழாய், ஃபில்டர் மூன்றையும் இன்ஜின் சுடுநீரால் சூடாக்குங்கள். நம்மூர் வேன் பலவற்றில் ஹீட்டர் இல்லாததால், சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் சுடுநீரில் டி-இணைப்புப் போட்டு, தண்ணீர் பம்பின் உறிஞ்சும் பக்கம் திருப்ப வேண்டும். எண்ணெய்க் குழாய் உள்விட்டம் 10 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. செம்பும் நாகப்பூச்சுத் தகரமும் வேண்டாம். செம்பு எண்ணெயைப் பிசினாக்கும், நாகம் சோப்புக் கட்டியாகி ஃபில்டரை அடைக்கும். ஸ்டெயின்லெஸ், அலுமினியம் நல்லது. ரப்பர் ஓஸ் ஊதிப்போகும், எண்ணெயைத் தாங்கும் வைட்டன் ரப்பர் ஓஸ் போடுங்கள்.

டீசலில் ஸ்டார்ட் செய்து, எண்ணெயின் சூடு காட்டும் மீட்டர் 70 காட்டிய பிறகு எண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துவதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்பே டீசலுக்குத் திரும்புங்கள். திரும்பும்போது உள்வரும் வால்வு முதலில், ரிட்டர்ன் வால்வு (பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயில் உள்ளது) அரை நிமிடம் கழித்து. இரண்டையும் ஒன்றாகத் திருப்பினால் பம்பில் மிச்சமிருக்கும் எண்ணெய் டீசல் டேங்கில் போய்ச் சேரும். கடை வாசலில் எண்ணெயிலேயே ஐட்லிங் விடுவதும் கெடுதல், இன்ஜெக்டர் நுனியில் கரி கட்டும்.

மேட்டில் இழுவை குறைந்தால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நின்றால் இன்ஜெக்டர். எல்லாவற்றையும்விட இன்ஜின் ஆயில்தான் கவனிக்க வேண்டியது. எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். டீசல் என்றால் சூட்டில் ஓரளவு ஆவியாகிவிடும், இது அங்கேயே தங்கிக் கூழாக உறையும். 5,000 கிலோமீட்டருக்கு மாற்றும் ஆயிலை 2,500-லேயே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால், விரலில் தொட்டு நூல்போல இழுபட்டால், அன்றைக்கே ஆயிலை இறக்கிவிட்டு, இன்ஜெக்டரைக் கழற்றிப் பட்டறையில் சோதிக்கும்வரை டீசலிலேயே ஓட்டுங்கள்.