கால்வரியும் விட்டையும்

எத்தியோப்பியா, எரித்ரியா பக்கத்துத் தனாகில் பாலைவனத்தில் ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதையைக் கணக்கெடுக்கும்போது, எதிரே நிற்பது வீட்டுக்கழுதை இல்லை என்று உறுதிசெய்வதிலேயே பாதி நேரம் போய்விடும். வீட்டுக்கழுதை இதன் வழிவந்ததுதான். அங்கு வாழும் அஃபார் இன மேய்ப்பர்களின் கழுதைகளும் அதே இடத்தில் மேய்ந்து, அதே ஊற்றில் நீர் குடிக்கின்றன. குளம்புத் தடத்தை வைத்துப் பிரிப்பது கடினம்.

கால்களில் உள்ள கறுப்பு வரிகள்தான் பிடிமானம். சில வீட்டுக்கழுதைகளுக்கும் மங்கலான வரி உண்டு. அதனால் உடல்வாகையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வரி ஒவ்வொன்றுக்கும் வேறு, இடவலமும் ஒன்றுபோல் இருக்காது. இடப்பக்கப் படத்தையும் வலப்பக்கப் படத்தையும் தனித்தனியாகப் பதிந்தால் ஒரு விலங்கு இரண்டாகிவிடும். வளர்ந்தவை அதிகபட்சம் 200 என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்.) மதிப்பிட்ட விலங்கில் இது சின்னப் பிழை இல்லை. வெயில் ஏறினால் கானலில் வரி கலங்கும். எவ்வளவு பெரிய லென்ஸும் அப்போது உதவாது.

நெருங்க முடியாதபோது விட்டைதான் கதி. பழமொழி கேட்பதுபோல் கை நிறைய வேண்டாம். ஈரம் காயாத விட்டையின் மேற்பரப்பில் குடல் செல்கள் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி, மரபணுச் சோதனைக்காக எத்தனாலில் போட்டால் போதும். வெயிலில் காய்ந்ததில் மரபணு சிதைந்திருக்கும். மைட்டோகாண்ட்ரியா மரபணுவை மட்டும் பார்த்து நிறுத்துவது இன்னொரு கண்ணி. அது தாய்வழியை மட்டுமே சொல்லும். தகப்பன் வீட்டுக்கழுதையானால், குட்டி கலப்பில்லாதது என்றே முடிவு வரும். உட்கரு மரபணுவையும் பார்த்தால்தான் கலப்பு பிடிபடும்.

இதன் எண்ணிக்கைச் சரிவுக்கு வேட்டை முக்கியக் காரணம்: இறைச்சிக்காக, காசநோய்க்கும் முதுகுவலிக்கும் நாட்டு மருந்துக்காக. போர்களுக்குப் பின் தானியங்கித் துப்பாக்கிகளும் பெருகின. சினைக்காலம் ஏறக்குறைய ஒரு வருடம். ஈற்றுக்கு ஒரு குட்டி, அதுவும் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பால் கொடுக்கும் பெட்டை ஊற்றை விட்டு அதிக தூரம் போக முடியாது. ஆடுமாடும் ஆளும் கூடும் இடமும் அதுதான். வறட்சியில் முதலில் அடிபடுவது பெட்டையும் குட்டியுமே. எத்தியோப்பியாவில் இதைக் காக்கவே அமைத்த யங்குடி ரஸ்ஸா தேசியப் பூங்காவில் இன்று இது இல்லை.

குஜராத்தில் கட்ச் சிறிய ரண்ணின் ஆசியக் காட்டுக்கழுதை 1969-இல் 362 ஆகச் சுருங்கி, 2020-இல் 6,000-ஐத் தாண்டியது. ஆனால் அங்கே எண்ணிக்கையைச் சரித்ததில் நோய்க்குப் பெரும் பங்கு. அங்கே மீண்ட வழி தனாகிலுக்குச் செல்லாது. ஊற்றை வேலியிட்டு ஒதுக்கினால் மேய்ப்பர்கள் பகையாவார்கள். கோடையில் எந்த ஊற்றுக்கு எந்த மந்தை எப்போது வரும் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி, குட்டி போட்ட பெட்டைகளுக்கு ஓர் ஊற்றையாவது இரவில் விட்டுக்கொடுக்கச் செய்வதுதான் நடக்கக்கூடியது.